வகிதா அக்காவின் பப்பாளி சாலட்

முதல் கரு கலைந்தபோது மூன்று நாள் அழுதேன். இரண்டாவதுக்கு ஒரு நாள். மூன்றாவதுக்கு எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் நாலு இட்லியும் ஒரு வடையும் தின்றேன். என் மாமியார் சிட்டம்மாள் பக்கத்து மேஜையிலிருந்த யாரோ ஒரு அம்மாவிடம், "அதுக்கு ஷாக்கு அடிச்ச மாதிரி ஆயிட்ச்சுமா" என்றாள். ஷாக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையிலிருந்து வெறும் வயிறு, அவ்வளவுதான்.

இது 2003 ஆடி மாதத்தில் நடந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள்: உத்திரமேரூர் மருந்துக்கடை வகிதா, பப்பாளிக்காயைக் கொடுத்து திலகாவின் வயிற்றைக் கலைத்துவிட்டாள். அந்தத் திலகா நான்தான். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். இனி நானே சொல்கிறேன்.

எங்களுக்கு திருப்புலிவனம். கல்யாணமாகி ஏழு வருஷம். என் வீட்டுக்காரர் வேதகிரி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பாள் மாமியார். எழுதினால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கரு கலைந்த பிறகு சிட்டம்மாள் நேராகவே சொல்லிவிட்டாள். சண்டைக் குரலில் இல்லை. அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இன்னொரு தரம் பாப்போம் திலகா. அதுவும் நிக்கலன்னா ஒன் ஒடம்புலதான் கோளாறுன்னு ஆயிடும். அப்புறம் பெருநகர்ல எந்தம்பி பொண்ணு தேவகிய கேட்டுட வேண்டிதுதான். ஒன்ன ஒன்னும் வெளிய தள்ள மாட்டோம். நீயும் இருந்துக்கோ."

அந்த 'நீயும்' எனக்கு நெஞ்சில் தைத்தது. வேதகிரி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். பல் குத்திக்கொண்டிருந்தார்.

அதனால் மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனபோது வீட்டில் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முதல் இரண்டையும் சீக்கிரம் வெளியே சொன்னதால்தான் கண் பட்டுவிட்டதாம். மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சிட்டம்மாள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நடவு வேலையையும் நிறுத்திவிட்டாள். வகிதா அக்கா வீட்டு வேலைக்கு மட்டும் போகலாம், அது உட்கார்ந்து செய்கிற வேலை.

வகிதா அக்காவின் வீட்டுக்காரர் லுக்மான் பாய் உத்திரமேரூர் பஜாரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் சிமென்ட் போட்ட முற்றம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேர், பட்டை, விதை என்று கோணியில் வரும். அதைக் கொட்டிக் காயவைத்து, கல், குச்சி பொறுக்கி, தவறி வந்த விஷ விதைகளைத் தனியாக எடுத்து நீல டப்பாவில் போட வேண்டும். எது விஷம் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவள் நான். வகிதா அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி, மிளகையும் பப்பாளி விதையையும் பிரிக்கத் தெரியாது என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வேலைக்காரி என்று என்னைத் தள்ளி வைத்ததே இல்லை. மத்தியானச் சாப்பாட்டை அவள் சாப்பிடுகிற மாதிரியே தட்டில் போட்டுத்தான் தருவாள்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். லுக்மான் பாயைப் பற்றித்தான் ஆரம்பித்தது.

"டெய்லி கடைய பூட்டிட்டு மூணு தரம் பூட்ட இஸ்து இஸ்து பாக்கறாரு. அப்பால படுக்கையில வந்து ஒக்காந்துக்கினு, வகிதா, நான் பூட்டுனனான்னு எங்கிட்ட கேக்கறாரு. நான் இன்னா கூடவா போனேன்?"

"எங்க வூட்ல இது பரவால்லக்கா. அந்தாளு ஒரு கால பாய்க்கு வெளிய நீட்டிக்கினாதான் தூங்குவாரு. இருட்டுல நான் தடுக்கி வுயுந்தா, கண்ணு தெரியாதான்னு என்னயே திட்டுவாரு."

"நீ எய்ந்ததும் மொதல்ல இன்னா பண்ணுவே?"

"தண்ணி கொடத்த தட்டிப் பாப்பேன், ரொம்பி கீதா காலியான்னு. காலின்னா அன்னிக்கு முச்சூடும் யார் மேலயாவது எரிஞ்சி வுயுவேன்."

"அதான் பாதி நாள் எம்மேல வுயற," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் தொயுதுட்டு, டீ குடிச்சிட்டு, யாருக்கும் தெரியாம திரும்பி அரமணி நேரம் படுத்துக்குவேன். எம் மாமியாருக்கு இன்னிய தேதி வரைக்கும் தெரியாது" என்றாள்.

கோணியிலிருந்து ஒரு எட்டிக்கொட்டையை எடுத்து நீல டப்பாவில் போட்டேன். அவள் உடனே, என் கையைக் கழுவச் சொன்னாள். தொட்டாலே செத்துப்போவோம் என்று அவளுக்கு நினைப்பு.

"ஊமத்தங்கா விஷம், குண்டுமணி விஷம், அரளி விஷம். தெரிஞ்சுகினே அரளிய வாசல்ல வெக்கிறீங்களே, பயமே கெடையாதா ஒங்களுக்கு?"

"அரளி ஒன்னத்தான்க்கா ஆடு கடிக்காது. வேற எத நட்டாலும் மறுநாளு மொட்டையா நிக்கும். ஆடு எதத் தின்னலயோ அத நாமளும் தின்னக்கூடாது. இதுக்கு ஒரு படிப்பு வேணுமா?"

"ஆடு மீனும்தான் தின்னல. நீ உடறியா?"

அன்றைக்கு அதற்கு நான் சிரித்த சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மீன் என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துவந்தாள். அவளுடைய தம்பி முபாரக் மலேசியாவில், லங்காவித் தீவில், ஒரு தாய்லாந்து ஓட்டல் சமையலறையில் நாலு வருஷமாக வேலை செய்கிறான். போன மாதம் லீவில் வந்தவன், இந்த மீன் தண்ணி பாட்டிலையும் ஒரு சமையலையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மூடியைத் திறந்து என் மூக்கில் காட்டினாள். கருவாட்டுச் சட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி நாறியது.

"நாத்தத்த பாக்காத. சாலட்டுல கலந்தா இன்னா ருசி தெரியுமா? அவன் ஊருக்குப் போனதுலேர்ந்து நான் பண்ணவே இல்ல. இவரு வாயில வெக்க மாட்டேன்றாரு. இன்னிக்கு ஒனக்குதான்."

முற்றத்து மூலையில் நின்ற மரத்திலிருந்து, துரட்டியால் ஒரு காயை இழுத்துத் தள்ளினாள். பச்சைப் பப்பாளி.

என் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் பப்பாளியை வேண்டாம் என்று சொன்னால் போதும், தமுக்கு அடிக்கவே வேண்டாம். எத்தனை மாதம் என்பதுதான் அடுத்த கேள்வி. வகிதா அக்கா அதைக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூன்று மாதச் சத்தியம் உடையும், மறுபடியும் ஏதாவது ஆகும். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் மூன்று வாழைப்பழத்தை அவள் கண்ணெதிரிலேயே தின்றிருந்தேன். ஒரு வாய் வைத்துக்கொண்டு மீதியை இலைக் குப்பையோடு தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவள் காயைத் தோல் சீவி, பால் போகக் கழுவி, உள்ளங்கையில் நிறுத்திப் பிடித்துக் கத்தியால் நெடுக்குவாக்கில் கொத்து கொத்தென்று கொத்தினாள். பிறகு மேலாகச் சீவ, மெல்லிய நூல் நூலாக விழுந்தது. தம்பி கற்றுக்கொடுத்தது. குட்டி உரலில் பூண்டையும் பச்சை மிளகாயையும் நசுக்கினாள். வறுத்த வேர்க்கடலை, சென்னாக்கூனி என்கிற பொடி இறால் கருவாடு, ஒடித்த காராமணிக்காய், கீறிய தக்காளி. பனைவெல்லம் ஒரு துண்டு, எலுமிச்சம்பழம் ஒன்றரை, அந்த நாற்றம் பிடித்த தண்ணி ரெண்டு மூடி. கடைசியில் பப்பாளியைப் போட்டு, இடிக்கவும் இடிக்காமல் வெறுமனே கிளறவும் செய்யாமல், ஒரு கையால் உலக்கை, ஒரு கையால் கரண்டி என்று தட்டித் தட்டிப் புரட்டினாள்.

"மையா அரைச்சா துவையலு. இது வாயில கறுக்குன்னு இருக்கணும்," என்றாள்.

கிண்ணத்தில் போட்டுத் தந்தாள். ஒரு வாய் வைத்தேன். புளிப்பு, காரம், இனிப்பு, உப்பு எல்லாம் ஒரேயடியாக நாக்கில் ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான ஒன்றை நான் அதற்கு முன்னாலும் தின்றதில்லை, பின்னாலும் இல்லை. கிண்ணத்தைக் காலி பண்ணினேன். வழித்து நக்கினேன் என்றே சொல்லலாம். மூன்று வாரமாக எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்தக் குமட்டல் திடீரென்று நின்றிருந்தது. இந்தப் பிள்ளை அம்மாவைப் படுத்தாத பிள்ளை என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் அவ்வளவும் தின்றேன்.

திங்கட்கிழமை விடிகிறபோது ரத்தம் பட்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காஞ்சிபுரம் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வேதகிரிக்கு மண்டியில் லோடு. சிட்டம்மாள்தான் கூட வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் எனக்குப் பயம் தாங்கவில்லை. "அத்த, வியாயக்கெயம வகிதாக்கா வூட்ல பப்பாளிக்கா துன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது நானும் அதைத்தான் நம்பினேன். என் வாயாலேயே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நம்பினேன். சிட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். காஞ்சிபுரம் வரைக்கும் வகிதா அக்காவைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் என்னை மட்டும்தான் விட்டார்கள். பெண் டாக்டர். கண்ணாடி போட்ட சின்ன வயசு. வயிற்றில் எதையோ தடவி, ரொம்ப நேரம் டி.வி.யையே பார்த்தார்.

"கணக்குப்படி பத்து வாரம்மா. ஆனா கொழந்த எட்டு வார அளவுலயே இருக்கு. துடிப்பு இல்ல. வளர்ச்சி நின்னு ரெண்டு வாரம் ஆயிருக்கும்."

"பப்பாளிக்கா துன்னேன் டாக்டரம்மா."

"எப்ப?"

"போன வியாயக்கெயம."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. வாந்தி, கொமட்டல் எல்லாம் நின்னு எத்தன நாளாச்சு?"

நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இது மூன்றாவது என்பதையும் கேட்டுக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும், உடம்பில் ஏதாவது குறை இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார். நல்ல பெண்தான். என் தோளைத் தொட்டு, "உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார். எனக்குக் காதில் விழுந்தது வேறு. உடம்பில் குறை என்பது விழுந்தது. அந்த வார்த்தைக்குப் பெருநகரில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த சிட்டம்மாள், "இன்னா, பப்பாளிதானே?" என்றாள்.

தலையை ஆட்டினேனா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆட்டியதாக அவள் எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் இட்லி தின்றேன்.

வயிற்றைச் சுத்தம் பண்ணி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. சிட்டம்மாள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள். முதல் இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இப்போது நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், வெந்நீர் போட்டு இடுப்பில் ஊற்றினாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இவ ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. வயித்துல நல்லா நின்ன புள்ளய அந்தப் பப்பாளிதான் கலைச்சிட்ச்சு" என்றாள். தேவகி பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேதகிரி ஒரு நாள் மருந்துக்கடை வழியாகப் போனவர் நின்று, "புள்ள நிக்க மருந்து குடுப்பீங்கன்னு பாத்தா, கலைக்க குடுத்துட்டீங்களே பாய்" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு வந்தார். அன்று மத்தியானமே லுக்மான் பாய் ஆளைக் கூப்பிட்டு முற்றத்து மரத்தை வெட்டிவிட்டாராம்.

இதையெல்லாம் வேதகிரி பெருமையாகச் சொன்னார். ஏழு வருஷத்தில் எனக்காக அவர் ஒருத்தரை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாகவாவது இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதைப்போல, அவ்வப்போது வகிதா அக்காவை நினைத்துப் பார்ப்பேன். வலிக்காது.

ஒன்பதாம் நாள் அவளே வந்தாள். பதினோரு மணி பஸ்ஸில் தனியாக, பர்தாவோடு, கையில் ஒரு பை. அவள் எங்கள் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாலு வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த நாலு வீடும் வாசலில் நின்று பார்த்தது.

சிட்டம்மாள் வயர் சேரை எடுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னாள். ஏழு வருஷத் தவம் என்றாள். எங்கள் குலத்தையே கருக்கிவிட்டாய் என்றாள். வகிதா அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முடித்த பிறகு சிட்டம்மாள் அதே வாயால், "வெயில்ல வந்துகீற, இரு, கலர் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவள் மெலிந்திருந்தாள்.

"முழுவாம கீறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே திலகா. நான் அந்தக் காயத் தொட்டிருப்பனா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம்க்கா."

அவள் சேரை விட்டிறங்கி, என் பாயிலேயே வந்து உட்கார்ந்தாள்.

"முபாரக்குக்கு போன் பண்ணேன். அங்க புள்ளத்தாச்சிங்க இத டெய்லி தின்றாங்களாம். ஒன்னும் ஆவறதில்லன்னு சொல்றான். வேற எதனா காரணம் இருக்குமோன்னு எனக்கு ஒரு நெனப்பு. தப்பா எடுத்துக்காத. டாக்டரம்மா இன்னாதான் சொன்னாங்க? எங்கிட்ட மறைக்காம சொல்லு."

அவள் கேட்டது மன்னிப்பு இல்லை. ஒரே ஒரு வார்த்தை. பப்பாளி இல்லை என்று நான் சொன்னால் அவள் எழுந்து நிமிர்ந்து நடந்து போவாள். தெருமுனையில் கலர் பாட்டிலோடு சிட்டம்மாள் வருவது வாசல் வழியாகத் தெரிந்தது. நான் வேகமாகச் சொல்லிவிட வேண்டியிருந்தது.

"பப்பாளிதான்னு சொன்னாங்கக்கா."

"நல்லா பாத்து சொன்னாங்களா?"

"நல்லா பாத்துதான்."

"பேப்பர் எதனா குடுத்தாங்களா? எங்க வூட்டுக்காரருக்கு இங்கிலீஷு தெரியும்."

"ஆஸ்பத்திரிலயே வாங்கி வெச்சிக்கினாங்க."

அந்தப் பேப்பர் நான் சாய்ந்திருந்த இரும்புப் பெட்டிக்குள், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. முதுகில் பெட்டியின் விளிம்பு அழுத்தியது. நான் நகரவில்லை.

"அப்போ என் கைதான்," என்றாள் வகிதா அக்கா. இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "ஷப்ரீனுக்கு சோறு ஊட்டவே கை வரல திலகா. ஒரு வாரமா அவ பாட்டிதான் ஊட்டறாங்க."

ஷப்ரீன் அவளுடைய பெண். மூன்று வயது. நான் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என் முதுகில் ஏறித் தூங்குகிற பிள்ளை. இப்போதாவது எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்து உண்மையைக் கொட்டிவிடுவேன் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு ஈ என் முழங்காலில் உட்கார்ந்தது, அதை ஓட்டினேன்.

சிட்டம்மாள் வந்து கலர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். திட்டி முடித்ததில் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. "வுடு. தெரியாம செஞ்சுட்ட. இவ ஒடம்பு நல்லாதான் கீது. ஒரு வருசம் போவட்டும், மறுபடியும் தரிக்கும். எம் மருமவளுக்கு இன்னா வயசா பூட்ச்சு?" என்றாள்.

எனக்கு ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் இவ்வளவும்.

வகிதா அக்கா கலரைக் குடிக்கவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன மன்னிச்சிட்டேன்னு ஒன் வாயால ஒரு தரம் சொல்லு. அது போதும். வேற ஒன்னும் வேணா."

"மன்னிச்சிட்டேன்க்கா," என்றேன்.

அவள் அப்போதுதான் அழுதாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, "ஒனக்கு ரொம்ப நல்ல மனசு திலகா. நீ நல்லா இருப்ப," என்றாள்.